எழுந்திருக்காத சாப்பாடு

பெஞ்சில் சுவரோரமாக ஜாக்ருதியை நகரச் சொன்னாள் ஓரகத்தி ஊர்மிளா. பிறகு தானும் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிர் பெஞ்சில் ஜாக்ருதியின் கணவன் கேதன். அவனுக்கு இந்தப் பக்கம், நடைபாதையை ஒட்டி, அவன் அண்ணன் ரசிக்பாய். சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் இருக்கும் குஜராத்திக் குடும்பங்கள் அத்தனைக்கும் அவர் மோட்டாபாய், அதாவது பெரியண்ணன். சொந்தத் தம்பிக்கும் அப்படித்தான். அவர் மனைவி ஊர்மிளா எல்லோருக்கும் பாபி, அதாவது அண்ணி.

தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் அவரைக் கூப்பிட ஒரு பெயரும் இல்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவரிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷனின் அண்ணனோடு பேசுவது மரியாதை இல்லை என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு முக்காடு போயிற்று, சேலை போயிற்று. இப்போது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். அந்தப் பேசாமை மட்டும் போகவில்லை. அவரும் அவளிடம் பேசமாட்டார். அவர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாலும், சொல்ல வேண்டியதைக் கேதனைப் பார்த்துத்தான் சொல்வாள். நடுவில் கேதன் தபால்காரன் மாதிரி.

சனிக்கிழமை. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். 'தோரண்' உணவகத்தில் கூட்டம் இன்னும் சேரவில்லை. பக்கத்து நகப்பூச்சுக் கடையின் வாசனை, கதவு திறக்கும்போதெல்லாம் நெய் வாசனையோடு கலந்து வந்தது.

ஜாக்ருதிக்கு இங்கே வர இஷ்டமே இல்லை. நான்கு வருஷமாகச் சனிக்கிழமைகளில் அவளுக்கு ஏகாசனம். அன்று முழுக்க ஒரே சாப்பாடு, அதுவும் ஒரே இருக்கையில். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், பாதியில் எழுந்தால் அன்றைய சாப்பாடு அத்தோடு சரி. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது. தட்டைத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். எச்சில் வாயோடு பேசுவது தோஷம். எச்சில் கையால் எழுத்துள்ள தாளைத் தொடுவது அதைவிடப் பெரிய தோஷம், ஞானத்தை அவமதித்த பாவம். இதையெல்லாம் கடைப்பிடிக்கிற ஒருத்தி, போவோர் வருவோர் பார்க்க, ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து ஏகாசனம் செய்வாளா?

"ஜெயின் சமையல், தனிப் பாத்திரம், எல்லாம் மோட்டாபாய் சொல்லி வெச்சிருக்காரு" என்று முந்தாநாள் கேதன் சொன்னான். "தண்ணிய மட்டும் நீ காய்ச்சி எடுத்துட்டு வா. தவம் பண்றவங்களுக்கு ஒரு வேளை சோறு போட்டா அந்தப் புண்ணியத்துல பங்கு உண்டுல்ல, அந்த லாபத்த எடுத்துக்கணும்னு அவரு ஆசப்படுறாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

எப்படிச் சொல்வது? பதினேழு வருஷத்துக்கு முன்னால் குடியேற்றத்துக்கு ஃபைல் போட்டு அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்தவர் மோட்டாபாய். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மோட்டாபாய் விஷயத்தில் நினைக்கிற சிரமம்கூட வேண்டாம்; அவரே வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டிவிடுவார்.

லூபே என்கிற ஐம்பது வயது மெக்சிகோக்காரி அகலமான எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பத்து வருஷமாக இங்கேதான் பரிமாறுகிறாள். "ரோட்லி? தால்? ரஸ்?" என்று அவள் கேட்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ராஜ்கோட்டுக்காரி என்றே நினைப்பார்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போட்ட கறி, பருப்பு, கட்டி என்கிற மோர்க்குழம்பு, பூரி, கிண்ணம் நிறைய மாம்பழக் கூழ். ஜாக்ருதி கை கூப்பி நவகார மந்திரம் சொல்லிவிட்டு முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

அதற்காகத்தான் காத்திருந்ததுபோல, "கேதன், எடு" என்றார் மோட்டாபாய்.

கேதன் காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தான். மேல் தாளில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டிருந்தது.

"அவ சாப்பிடட்டும், நாம பேசுவோம்" என்றார் மோட்டாபாய், தம்பியைப் பார்த்து. "நல்ல காரியம் பேசறப்போ வீட்டு லட்சுமி வாயில இனிப்பு இருக்கணும்."

"என்ன காரியம்னு பாக்குறியா?" என்றாள் ஊர்மிளா, ஜாக்ருதியின் முழங்கையில் இடித்து. "உன் வீட்டுக்காரன் வாய்ல கொழுக்கட்டையா? ஒண்ணுமே சொல்லலியா? சர்ப்ரைஸுன்னு வெச்சிருப்பான். மிசௌரில ஒரு மோட்டல் முடிச்சிருக்கோம். முப்பத்தெட்டு ரூமு. நீங்க ரெண்டு பேருந்தான் நடத்தப்போறீங்க."

ஜாக்ருதியின் கை தட்டிலேயே நின்றது.

"நெடுஞ்சாலைய விட்டு எறங்குனா நேரா போர்டுதான்" என்று மோட்டாபாய் ஆரம்பித்தார். "எனக்கும் என் கூட்டாளி சைலேஷுக்கும் பாதிப் பாதி. ஆனா நடத்துறதுக்கு யாரு? வெளியாள வெச்சா துண்டத் தூக்கிட்டுப் போயிடுவான். நம்ம ரத்தமா இருந்தாத்தான் நான் இங்க நிம்மதியாத் தூங்க முடியும். கேதனுக்கும் ஒரு மரியாத. கிடங்குல நேத்துப் பொறந்த சூப்பர்வைசர் முன்னாடி எத்தன நாளைக்குக் கைகட்டி நிப்பான்?"

"ஆபீசுக்குப் பின்னாடியே வீடு. ரெண்டு ரூமு" என்றாள் ஊர்மிளா. "கதவத் தொறந்தா கவுண்டரு. பனியில வண்டி ஓட்டுற வேலையே இல்ல. வீட்ட விட்டு வெளிய காலே வைக்க வேணாம், பாத்துக்கோ."

காலே வைக்க வேண்டாம்தான். ஜாக்ருதிக்கு அது நன்றாகத் தெரியும். இண்டியானாவில் மோட்டாபாயின் முதல் மோட்டலில் பதினோரு வருஷம் அவள் காலே வைக்கவில்லை. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் மேஜைமேல் ஒரு மணி. மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். வாயில் மென்றது பாதி, கையில் பிட்டது பாதி, அப்படியே போய்ச் சாவி கொடுப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி மணி. துண்டு வேண்டும், டீவி வரவில்லை, பக்கத்து அறையில் சத்தம். பருப்பு ஏடு கட்டிப்போகும். இரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்த பிள்ளை வத்ஸல், மணிச்சத்தம் கேட்டால் யாரும் சொல்லாமலே ஒரு மூடியை எடுத்துவந்து அம்மாவின் தட்டை மூடி வைப்பான். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட அவள் உட்கார்ந்தபடி ஆரம்பித்து உட்கார்ந்தபடி முடித்ததில்லை.

அதிலிருந்து மீண்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு அடுக்குமாடி வீடு, கண்ணாடிக் கடையில் வேலை, சட்டையில் அவள் பெயர் எழுதிய பட்டை. வத்ஸல் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சனிக்கிழமை ஏகாசனம் ஆரம்பித்தபோது எல்லோரும் பக்தி என்று பாராட்டினார்கள். பக்தியும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடி மனசில் இருந்த காரணம் வேறு. வாரத்தில் ஒருவேளையாவது எந்தக் கொம்பனாலும் தன்னை எழுப்ப முடியாத சாப்பாடு ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. இதை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். கேதனிடம்.

இப்போது கேதனை வெளியே அழைத்துப்போய், கார்கள் நிற்கிற இடத்தில் வைத்து, இரண்டே நிமிஷம் பேசினால் போதும். "வேண்டாம்" என்று சொன்னால் போதும். ஆனால் எழுந்தால் விரதம் போயிற்று. தட்டு நிறைய சோறு இருக்கிறது, அதை மிச்சம் வைத்தால் அது வேறு பாவம். வாயைத் திறக்கலாமென்றால் எச்சில் வாய். கூடவே ஊர்மிளாவின் இடுப்பு வேறு வழியை அடைத்துக்கொண்டு இருந்தது.

சரி, சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று வேகவேகமாக அள்ளிப் போட்டாள். பருப்புக் கிண்ணம் காலியாயிற்று. உடனே ஊர்மிளா கையைத் தட்டி லூபேயைக் கூப்பிட்டாள்.

"தவம் பண்ற பொண்ணு, நாளைக்கு ஒருவேளச் சாப்பாடு. கிண்ணம் காலியாகக் கூடாது, புரிஞ்சுதா?"

லூபே பருப்பை ஊற்றினாள். ரோட்லி இரண்டு விழுந்தது. கையை நீட்டித் தடுப்பதற்குள் மாம்பழக் கூழும் விழுந்தது. ஜாக்ருதி மறுபடி அள்ளினாள். லூபே மறுபடி ஊற்றினாள். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதையாக இருந்தது.

ஜாக்ருதி இடது கையால் மடியில் இருந்த ஃபோனை எடுத்தாள். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, ஒரு விரலால் தட்டினாள்: 'சரின்னு சொல்லிடாதீங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.' எதிரே கேதனின் ஃபோன் மேஜைமேல் அதிர்ந்தது. அவன் பார்த்தான். படித்தான், அவன் கண்கள் வரியின் கடைசிவரை போனதை அவள் பார்த்தாள். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாழக்கா நல்லாருக்குல்ல, மோட்டாபாய்?" என்றான்.

அவள் ஃபோனைத் திரும்ப மடியில் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாம்னுதான் நாங்க சொன்னோம்" என்று ஊர்மிளா தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழமன்னா நீயும் நாலு வாய் பேசிக்கிட்டு, எல்லாத்தையும் கொஞ்சங்கொஞ்சமா ருசி பாத்துக்கிட்டுச் சாப்பிடலாம். கேதன்தான் ஒத்தக் கால்ல நின்னான். சனிக்கெழமயே வைங்க பாபி, அவளோட ஏகாசனத்தன்னிக்கே வெச்சா விசேஷம்னான். பொண்டாட்டி மேல அவ்வளவு பெரும அவனுக்கு."

ஜாக்ருதி நிமிர்ந்து கேதனைப் பார்த்தாள். கேதன் கட்டிக் கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்தவன்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுந்திருக்க முடியாத ஒரே நாள், வாய் திறக்க முடியாத ஒரே நேரம் எதுவென்று தெரிந்த ஒரே மனிதன் அந்த நாளையும் நேரத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. தொண்டையில் சோறு இருந்தது, அழுவதற்கு இடமில்லை.

மோட்டாபாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தஞ்சு ஆச்சு. பன்னெண்டு முப்பத்தொம்பதுக்கு விஜய முகூர்த்தம். ரெண்டு பேரும் நடத்துறதுக்கான ஒப்பந்தத்துல டக்குனு கையெழுத்துப் போட்டுட்டா சைலேஷுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடலாம். இண்டியானாவும் அதே முகூர்த்தத்துலதான் போட்டோம். எப்படி ஓடிச்சு பாத்தியா?"

"ஓடுச்சு, ஓடுச்சு" என்றான் கேதன்.

ஓடியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

"ஜாகு, பதினாலு நிமிஷம் இருக்கு. முடிச்சுட்டுக் கையக் கழுவிக்கோ" என்றாள் ஊர்மிளா.

அப்போதுதான் ஜாக்ருதிக்குச் சட்டென்று உறைத்தது. கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். தாளில் குங்குமம் இருக்கிறது, ஸ்வஸ்திகம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. அவள் கை எச்சில் கை. சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தத் தாளை அவள் தொட முடியாது, தொடச் சொல்ல இந்த மேஜையில் இருக்கிற யாருக்கும் வாய் வராது. முடித்தால்தானே கழுவ வேண்டும்?

அவள் வேகத்தை நிறுத்தினாள். ஒரு ரோட்லியை எட்டாகப் பிட்டு, ஒவ்வொரு துண்டையும் பருப்பில் நனைத்து, முப்பத்திரண்டு தடவை மென்றாள். லூபே அந்தப் பக்கம் போனபோது, அதுவரை ஒரு முறைகூடக் கேட்டு வாங்காதவள், கையைத் தூக்கினாள். லூபே வந்து சோற்றைப் போட்டாள். ஜாக்ருதி இன்னும் என்று தலையசைத்தாள். இன்னும் கொஞ்சம் விழுந்தது.

"ஐயோ, போதும்மா" என்றாள் ஊர்மிளா. "நேரமாவுது."

கிண்ணம் காலியாகக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். ஜாக்ருதி கட்டிக் கிண்ணத்தையும் நீட்டினாள்.

முப்பத்தைந்து. மோட்டாபாய் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். மறுபடி மாட்டினார். "கேதன், அவ என்ன இன்னிக்கு இவ்வளவு நிதானம்?"

"ஜாகு" என்றான் கேதன். "கொஞ்சம் சீக்கிரம்."

ஜாக்ருதி மென்றுகொண்டே அவனைப் பார்த்தாள்.

"இடது கையால போட்டுடேன்" என்றாள் ஊர்மிளா. "அது எச்சக் கை இல்லியே."

"புத்தி கெட்டவளே" என்றார் மோட்டாபாய். "முப்பத்தெட்டு ரூமுக்கு இடது கையால கையெழுத்தா? அப்புறம் மூணு ரூமு நெறயுமா?"

முப்பத்தொன்பது வந்தது. கேதன் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். ஜாக்ருதி ஒரு பூரியை இரண்டாகக் கிழித்தாள். நாற்பது வந்தது. அவளுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் எழுந்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வராத நாளில் வருமே, அந்த மாதிரி. வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தாலும் அவள் ஜெயித்துவிட்டாள்.

மோட்டாபாய் சிரித்தார்.

"ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். "நானும் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கோடையில இந்த அரசாங்கத்துக்காரன் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்கான். அவன் தள்ளுனா சூரியனும் தள்ளிப்போவுமா? நெஜமான பன்னெண்டு முப்பத்தொம்பது இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். ஒண்ணு முப்பத்தொம்பது. அவ ஆற அமர சாப்பிடட்டும்."

"அதானே" என்றாள் ஊர்மிளா. லூபேயைக் கூப்பிட்டு எல்லாருக்கும் மோர் சொன்னாள்.

இன்னும் ஒரு மணி நேரம். ஜாக்ருதி தட்டைப் பார்த்தாள். சோற்றுக் குவியல், ஒன்றரைப் பூரி, இரண்டு கிண்ணம் கட்டி. தானே கேட்டு வாங்கியது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது. அவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளமும் கல்லாக இறங்கியது. எதிரே மோட்டாபாய் ஐஸ் எந்திரம் எங்கே வைப்பது, காலைக் காப்பிக்கு எந்த அறை என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். "படுக்க விரிப்பெல்லாம் அவ பாத்துப்பா, கை பழகின வேல" என்றார். கேதன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஒரு மணி ஆயிற்று. ஒன்றே கால் ஆயிற்று. பக்கத்து மேஜைகளில் ஆட்கள் வந்து, உண்டு, எழுந்து போனார்கள். எவ்வளவு சுலபமாக எழுந்து போகிறார்கள் என்று அவளுக்கு இருந்தது.

ஒன்று இருபதுக்கு அவளால் முடியவில்லை. ஒரு வாய் கூடப் போட்டால் குமட்டிவிடும். சரி, எப்படியாவது ஒன்று முப்பத்தொன்பதையும் தாண்டிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு? விஜய முகூர்த்தம் தினமும்தான் வருகிறது. நாளைக்கு ஏகாசனம்கூடக் கிடையாது. சாப்பிட்டுச் சாப்பிட்டே ஒருத்தி எத்தனை நாள் தப்பிக்க முடியும்?

யோசித்துப் பார்த்தால் அவளைக் கட்டிப்போட்டது விரதம் இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயைச் சுத்தம் செய்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் அவள் பேசியிருக்கலாம். சாஸ்திரம் அதைத் தடுக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தது எதிரே இந்த மனுஷர் உட்கார்ந்திருந்ததால். விரதமே இல்லாத நாளாக இருந்தாலும் இவர் முன்னால் அவள் வாய் மூடித்தான் இருந்திருக்கும். அது தெரிந்தபோது அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இருபத்தோரு வருஷம்.

கடைசி இரண்டு கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கொண்டுவந்த காய்ச்சிய தண்ணீரைத் தட்டில் விட்டு, விரலால் சுற்றி அலசி, கிண்ணங்களையும் அலசி, எல்லாவற்றையும் குடித்தாள். கை கூப்பி விரதத்தை முடித்தாள். ஊர்மிளா முகம் மலர, "போ, போ, கையக் கழுவிட்டு வா, பத்து நிமிஷம் இருக்கு" என்று எழுந்து வழி விட்டாள்.

ஜாக்ருதி கையைக் கழுவினாள். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினாள். திரும்பி வரும்போது வாசல் கதவு பக்கத்திலேயே இருந்தது. அப்படியே போய்விடலாமா என்று ஒரு கணம் கால் தயங்கியது. போனால் அதுவும் பேசாமல் போனதாகத்தானே ஆகும்?

அவள் பெஞ்சுக்குள் போகவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, மேஜையின் தலைப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"மோட்டாபாய்" என்றாள்.

அந்தச் சொல் அவளுக்கே புதிதாக இருந்தது. மோட்டாபாய் திடுக்கிட்டு, வேறு யாரோ கூப்பிட்டதாக நினைத்து, திரும்பிப் பார்த்தார்.

"நான் அந்த மோட்டலுக்கு வரல."

மோட்டாபாய் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். "என்ன சொல்றா அவ?"

"அவர்கிட்ட கேக்காதீங்க. நான் உங்ககிட்டதான் சொல்றேன்" என்றாள் ஜாக்ருதி. குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "நீங்க ஃபைல் போட்டீங்க, நாங்க வந்தோம். அத நான் மறக்கல. பதினோரு வருஷம் உங்க மோட்டல்ல படுக்க விரிச்சேன். ஒருவேள சோத்த உக்காந்து முழுசா நான் சாப்பிட்டதில்ல. கணக்கு நேராயிடுச்சுன்னு நான் சொல்லல. ஆனா இனிமே வரமாட்டேன். கையெழுத்தும் போடமாட்டேன். இன்னிக்கு இல்ல, எந்த முகூர்த்தத்துலயும் இல்ல."

"என்னடி இது, பெரியவங்க முன்னாடி" என்றாள் ஊர்மிளா.

"பெரியவங்க முன்னாடிதான் பாபி சொல்லணும். பின்னாடி சொல்லி என்ன ஆச்சு?"

மோட்டாபாயின் முகம் சிவந்தது. ஆனால் கோபம் அவள் பக்கம் போகவில்லை. போக அதற்கு வழி தெரியவில்லை. "கேதன். அவ சம்மதிப்பான்னு சொன்னியே?"

கேதன் மென்று விழுங்கினான். "சொல்லிப் புரிய வெச்சிடலாம்னு..."

"எப்ப புரிய வெக்கலாம்னு இருந்தீங்க?" என்றாள் ஜாக்ருதி. இப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள். "ஏங்க, சனிக்கெழமன்னு சொன்னது நீங்கதானே?"

தாளில் இருந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு, "வேற நாள்னா நீ பாதியில எழுந்து போயிடுவ" என்றான்.

அவ்வளவுதான். மறைக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று, இத்தனை வருஷமாக அவனுக்காகவே எடுத்து வைத்திருந்தது, விட்டுப்போயிற்று.

மோட்டாபாய் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று முப்பத்தேழு. அவர் வியாபாரி; கோபத்தைவிட நேரம் முக்கியம். "ரெண்டு கையெழுத்து இருந்தா அழகு. ஒண்ணு இருந்தாலும் சட்டப்படி செல்லும். உதவிக்கு ஒரு ஆள வெச்சுக்கலாம். கேதன், முடிவு உன்னோடது. மொதலாளியா போறியா, இல்ல திங்கக்கெழம அந்தப் பொடிப்பய முன்னாடி போய் நிக்கிறியா?"

கேதன் பேனாவை எடுத்தான். ஜாக்ருதி அந்தக் கையையே பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும், கீழே வைத்துவிடுவான் என்று அவள் நம்பினாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நம்பினாள். வெச்சுடுங்க, வெச்சுடுங்க என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் அவளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். ஒன்று முப்பத்தொன்பதுக்கு, நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அந்த வலிக்கு அடியில் மூச்சு தங்குதடையின்றிப் போய் வந்துகொண்டிருப்பதையும் அவள் கவனித்தாள்.

"எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணாந் தேதி" என்றான் கேதன். "ஜாகு, நீ மெதுவா யோசிச்சு, ஒரு மாசம் கழிச்சுக்கூட..."

"உங்க துணிய இன்னிக்கே பொட்டியில எடுத்து வெச்சுடறேன்" என்றாள். "உங்களோடத மட்டும்."

அவள் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டாள். கதவை நோக்கி நடந்தாள். பின்னால் மேஜை இடிபடுகிற சத்தமும் ஒரு டம்ளர் உருள்கிற சத்தமும் கேட்டன.

"ஜாகு, நில்லு, நானும் வரேன்" என்றான் கேதன்.

அவனுக்கு வழி விட மோட்டாபாய் நகரவில்லை. "உக்காருடா" என்றார். "இன்னும் நாலு பக்கம் பாக்கி இருக்கு. முகூர்த்தம் போயிடும்."

கதவருகே ஜாக்ருதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கேதன் உட்கார்ந்துவிட்டிருந்தான்.